யாருக்கும் சொந்தமில்லாத குதிரை

“இந்தக் குதிரை யாருது?”

கேட்டவன் நகரத்து ஆள். கையில் அளவு நாடா, காலில் பளபளக்கும் ஷூ. பக்கத்தில் இந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரன். கர்கராலி போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், சிவப்புப் பெண்குதிரை ஒன்று கால்களை நீட்டிச் செத்துக் கிடந்தது. அதை இருட்டோடு இடித்த வெள்ளை ஜீப்பை ஏற்கெனவே கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கிவிட்டதாம்.

ஊர் ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் குளிர்காற்றில் நின்றிருந்தார்கள். அந்தக் குதிரையை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கடைசியில் நின்ற ஷயாக்மெத்தின் குதிரை அது. ஊருக்கே தெரியும். அதன் பாலைப் புளிக்க வைத்து, இதே சாலையில் பாட்டில் பாட்டிலாக விற்றுத்தான் அவன் வீட்டுக்கு மாவு வாங்கினான். இருந்தது அந்த ஒன்றுதான். அறுக்காமல் செத்துப்போனதால் இப்போது கறிக்கும் ஆகாது.

ஆனாலும் என்னுது என்று சொல்ல முடியாது. போன குளிர்காலத்தில் ஒராஸின் குதிரை ஒரு காரில் அடிபட்டது. கவனிக்காமல் ரோட்டில் விட்டது உன் குற்றம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். காரைச் சரிபண்ணிக் கொடுக்க ஒராஸ் மாடுகளை எல்லாம் விற்றான். இப்போது நகரத்தில் செங்கல் சுமக்கிறான். அன்றிலிருந்து ரோட்டில் சாகும் குதிரைக்கு இந்த ஊரில் சொந்தக்காரன் கிடையாது.

ஷயாக்மெத் விடியுமுன்னே கத்தியோடு வந்து, குதிரையின் தொடையில் சூடு போட்டிருந்த இடத்தைத் தோலோடு அறுத்து எடுத்துவிட்டான். ஒரு வளையம், அதற்குக் கீழே இரண்டு கோடு. அவன் அப்பன் காலத்துக் குறி. அடுப்பில் போட்டுவிடத்தான் நினைத்தான். கை வரவில்லை. மேல்கோட்டுப் பையில் அது இன்னும் ஈரமாக இருந்தது.

நகரத்துக்காரன் குனிந்து தொடையைப் பார்த்தான். “குறி எங்கே?”

“நாய் கடிச்சிருக்கும் சார்” என்றான் பக்கத்து வீட்டு கப்தெஷ்.

“சதுரமாவா?”

“எங்க ஊர் நாய்ங்க கொஞ்சம் படிச்சதுங்க.”

எல்லோரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். நகரத்துக்காரன் சிரிக்கவில்லை. ரோட்டில் டயர் தேய்ந்த தடத்தை அளந்தான். பிறகு ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக் கேட்டான். தன் குதிரைகள் எல்லாம் மலைப்பக்கம் மேய்வதாக ஒருவன் சொன்னான். தனக்குக் கண் சரியில்லை, குதிரையும் ஒட்டகமும் ஒன்றாகத்தான் தெரியும் என்றான் இன்னொருவன்.

ஷயாக்மெத்தின் முறை வந்தபோது மேட்டிலிருந்து குட்டி இறங்கி வந்தது. தாயின் மடியை முட்டிப் பார்த்தது. அது அசையவில்லை என்றதும் நேராக ஷயாக்மெத்திடம் வந்து, அவன் கோட்டுப் பையில் மூக்கை வைத்தது. பையில் தாயின் வாசனை.

“உங்ககிட்டயே வருதே, பெரியவரே?”

“பசி. பாக்குற ஆளுகிட்டல்லாம் போகும்.”

ஷயாக்மெத் கையிலிருந்த சாட்டையை ஓங்கிக் குட்டியின் முகத்திலேயே அடித்தான். அதுவரை அடி வாங்கியே பழகாத குட்டி புரியாமல் நின்றது. மறுபடி அடித்தான். விலகிப் போனது.

“அப்போ உங்களுது இல்ல?”

“என்னுது இல்ல.”

“யாருதுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

தன்னுது இல்லை, யாருது என்றும் தெரியாது என்று போலீஸ்காரன் எழுதிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கப்தெஷ் ஷயாக்மெத்தின் விலாவில் இடித்து, காதோடு, “ஜீப்போட ஒரு லைட்டுக்கே உன் வீட்டை எழுதிக் கேட்டிருப்பானுங்க. தப்பிச்சடா” என்றான்.

நகரத்துக்காரன் நாடாவைச் சுருட்டினான்.

“நான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளு. வண்டி வச்சிருக்கிறவன் எல்லாம் கட்டாயம் ஒரு இன்சூரன்ஸ் எடுக்கணும்ல, அது அவனுக்காக இல்ல. அவன் யாருக்கு நஷ்டம் பண்றானோ அவங்களுக்காக. அங்க பாருங்க, கால்நடை கடக்கிற இடம்னு போர்டு வச்சிருக்கு. அந்த இடத்துல அவன் பறந்து வந்திருக்கான். தப்பு முழுக்க அவன் மேலதான். குட்டியோட இருக்கிற பால் குதிரைக்கு முழு விலையும் குடுக்கத்தான் வந்தேன்.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே தம்பி” என்றான் கப்தெஷ்.

“போன ஊர்ல முதல்லயே சொன்னேன். ஒரே குதிரைக்கு அஞ்சு பேர் உக்காந்து அழுதாங்க.”

ஷயாக்மெத் முன்னால் வந்தான். “என்னுதுதான் தம்பி.”

“ஆரம்பிச்சாச்சா? அத்தாட்சி ஏதாவது இருக்கா?”

பைக்குள் கைவிட்டுத் தோல்துண்டை எடுத்து நீட்டினான். நகரத்துக்காரன் அதை வாங்கிக் குதிரையின் தொடையில் வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. ஷயாக்மெத்துக்கு மூச்சு திரும்ப வந்தது.

அதற்குள் போலீஸ்காரன் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

“உன்னுது இல்லன்னு இப்பத்தான் கையெழுத்துப் போட்டே. குறியை அறுத்துப் பையில வச்சிருக்கே. குதிரைத் திருடன்தான்டா குறியை அறுப்பான்.” மற்றவர்கள் பக்கம் திரும்பினான். “இது இவனோட குதிரைதான்னு யாராவது சொல்றீங்களா? சொல்றவன், தெரியாதுன்னு பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு இவனோடயே வண்டியில ஏறணும்.”

ஷயாக்மெத் கப்தெஷைப் பார்த்தான். கப்தெஷ் வீட்டுக் குழந்தைகளும் அந்தக் குதிரையின் பாலைக் குடித்து வளர்ந்தவைதான்.

கப்தெஷ் செத்த குதிரையை உற்றுப் பார்த்துவிட்டு, “தெரியாது சார்” என்றான்.