நாற்பத்தாறு

அனல்மின் நிலைய வாசலில் ஒரு மின்பலகை உண்டு. எத்தனை மெகாவாட் உற்பத்தி, புகைபோக்கியில் எவ்வளவு தூசு என்று சிவப்பு எண்களில் காட்டும். எதிரே இட்லி விற்கும் மரியபுஷ்பம், மகளுக்கு மூச்சிரைப்பு வந்த நாளிலிருந்து அதைக் கவனித்து வந்தாள். உற்பத்தி ஏறும், இறங்கும். தூசு மட்டும் எப்போதும் நாற்பத்தாறு.

ஒருநாள் பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தினார்கள். உற்பத்தி பூஜ்யமானது. தூசு நாற்பத்தாறிலேயே இருந்தது.

சாப்பிட வந்த பொறியாளர் சபாபதியிடம் கேட்டாள். "புகையே வரலியே சார், தூசு மட்டும் எங்கேருந்து வருது?"

அவர் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். "மெஷின்ல ஏதோ கோளாறா இருக்கும்க்கா. சொல்லிடறேன்." பாதி இட்லியோடு தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலும் உற்பத்தி பூஜ்யம்தான். தூசு நாற்பத்து மூன்று. சற்று நேரத்தில் நாற்பத்தெட்டு. பிறகு நாற்பத்தைந்து.

"சரி பண்ணிட்டாங்க, பாத்தீங்களாக்கா?" என்றார் சபாபதி, தட்டை நீட்டியபடி.

சட்னி ஊற்றப்போன மரியபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். புகைபோக்கியின் வாயருகே கயிற்றில் தொங்கியபடி இரண்டு பேர் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.