மூலைக் கம்ப்யூட்டரில் தேடியது யார்?

"இந்த வயசுல நீங்க எதுல மேடம் பெயில் ஆனீங்க?"

இணையதள அதிகாரி இப்படிக் கேட்டதும், பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

எதிரே நின்ற விசாரணை கவுன்ட்டர் அம்மா சிரிக்கவில்லை. அவருடைய வேலை நீட்டிப்பு ஃபைல் கையெழுத்துக்காக அதே மேஜையில்தான் கிடந்தது.

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். பல்கலைக்கழக இணையதளத்தில் எல்லோரும் எதை அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் பக்கம். முதல் இடத்தில் நின்றது: 'பெயில் ஆயிட்டேன் ஆலோசனை'.

"தங்கப் பதக்கம், வெளிநாட்டு உதவித்தொகை, ஆராய்ச்சிப் பரிசுன்னு இருந்த இடத்துல இது வந்து உக்காந்திருக்கு. அதுவும் பாதிக்கு மேல உங்க கவுன்ட்டர் பக்கத்து மூலைக் கம்ப்யூட்டர்லேர்ந்து. துணைவேந்தர் பார்த்துட்டு என்னைப் பிடிச்சு உலுக்கிட்டாரு. யாரு பார்த்த வேலை இது?"

"ஆரம்பிச்சது நான்தான் சார்."

டைப்பிஸ்டுக்கு முகமெல்லாம் வெளிச்சம். 'அந்தம்மாவோட பையன் பெயிலாம்' என்று கேன்டீனில் கதை கிளப்பிவிட்டவரே அவர்தான்.

"உங்க பையனுக்காகவா?"

"எனக்குப் பையனே இல்லையே சார்!"

கேன்டீன் கதை அங்கேயே படுத்துவிட்டது.

"அப்புறம் யாருக்காக?"

"பேனா கேக்குறவங்களுக்காக."

அதிகாரி திருதிருவென விழித்தார்.

"ரிசல்ட் வந்தா சில புள்ளைங்க கவுன்ட்டர் வரைக்கும் வருவாங்க சார். ஏதோ கேக்க வாயெடுப்பாங்க. நான் நிமிர்ந்து பார்த்ததும், 'பேனா இருக்கா மேடம்'னு சமாளிச்சிடுவாங்க. சட்டைப் பையிலயே பேனா இருக்கும்! அப்புறம் மூலைக் கம்ப்யூட்டர்ல போய் உக்காருவாங்க. தேடுற பெட்டியில கை வச்சாலே, மத்தவங்க அதிகமா தேடினது கீழ வரிசையா வந்து நிக்குமே, அதைப் பார்ப்பாங்க. எல்லாம் பதக்கம், பரிசு. நாம மட்டும்தான் இப்படின்னு நினைச்சு எழுந்து போயிடுவாங்க. அப்படிப் போன ஒரு பொண்ணு, திரும்பப் படிக்கவே வரல சார்."

டைப்பிஸ்ட் ஒரு டம்ளர் தண்ணீரை அந்த அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார்.

"துணிஞ்சு தேடினாலும் கிடைக்காது. வெறும் 'பெயில்'னு போட்டா ஒண்ணுமே வராது. பெயில் ஆனவங்களுக்கு வழி சொல்ற பக்கத்துக்கு நாம வச்ச பேரு 'கல்வித் தொடர்ச்சி ஆலோசனை மையம்'. அழுதுக்கிட்டு இருக்கிற புள்ளைக்கு அந்தப் பேரு ஞாபகம் வருமா? நான் என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். கூட 'ஆலோசனை'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா, அந்தப் பக்கம் டக்குனு முதல்ல வந்துடுது. அதான், நேரம் கிடைக்கிறப்ப எல்லாம் அதையே அடிச்சு அடிச்சு மேல ஏத்திவிட்டேன். நமக்கு முன்னாடியே நாலு பேர் கேட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, அஞ்சாவது ஆளுக்குக் கேக்க வெக்கமா இருக்காது."

அந்த நீளமான பெயரை வைத்தவர்களில் அதிகாரியும் ஒருவர். இத்தனை வருஷத்தில் அந்தத் தேடல் பெட்டிக்கு முன்னால் யார், எந்த நிலையில் உட்காருவார்கள் என்று அவர் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இந்த அம்மா யோசித்திருக்கிறார். மனசு நிறைந்துபோனது அவருக்கு.

ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க மேடம். துணைவேந்தர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா, ஒரே ஆள் உக்காந்து அடிச்சா கணக்கே பொய்யாயிடும். இன்னையோட நீங்க நிறுத்திடணும்."

"நான் போன வருஷ ரிசல்ட்டோடயே நிறுத்திட்டேனே சார்... இப்ப தேடுறதெல்லாம் புள்ளைங்கதான்."