அண்ணனுக்காக ஒரு தானம்

“யாரைக் கேட்டுத் தலையாட்டினீங்க?”

தையல் மிஷினிலிருந்து எழுந்தவள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ் டிரைவர் சீருடையோடு உட்கார்ந்திருந்த கணவன் நெளிந்தான்.

“மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும்! ‘சித்தப்பாதான் அப்பாவுக்குத் தானம் கொடுக்கிறார்’னு உங்க அண்ணன் பொண்ணு போன் பண்ணுது. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கிடையாது!”

“சொல்ற மாதிரி விஷயமாடி அது?”

அப்படியானால் நிஜம்தான்.

“சொத்துப் பிரிக்கும்போது நம்மள நடுத்தெருவுல நிறுத்தினவர் அவர். அவருக்கு உங்க உடம்புல இருந்து எடுத்துக் கொடுக்கணுமா?”

“எலும்பும் தோலுமாக் கிடக்கிறான். இனி ரொம்பத் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. கூடப் பிறந்தவன், கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா?”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் பிள்ளைங்களும் எங்கே போறது?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. தேவைப்பட்டா இன்னொரு தடவைகூடக் கொடுக்கலாமாம்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் இன்னொன்றையுமா? மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

அறைக்கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். அவள் பாய்ந்துபோய் வழிமறித்தாள்.

“டாக்டரம்மா, இவர் கிட்னி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்!”

“கிட்னியா?” டாக்டர் திருதிருவென்று விழித்தார். “உங்க மச்சாண்டாருக்கு வேற நோய்க்குக் கொடுத்த கடுமையான மருந்துல, குடல்ல இருந்த நல்ல கிருமிங்களும் சேர்ந்து செத்துப்போச்சும்மா. இப்போ கெட்ட கிருமிங்க வெச்சதுதான் சட்டம். வயித்துப்போக்கு நிக்கவே இல்லை. உங்க வீட்டுக்காரர் குடல்ல நல்ல கிருமிங்க செழிப்பா இருக்கு, சோதிச்சுப் பார்த்துட்டோம். அதை உங்க மச்சாண்டார் குடல்ல குடியேத்தினா அவர் பிழைச்சுக்குவார்.”

“ஐயையோ! குடலை வெட்டி எடுக்கப் போறீங்களா?”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடி போட்ட டப்பா ஒன்றை அவனிடம் நீட்டினார். கழிவறைப் பக்கம் கைகாட்டினார்.

“எதையும் வெட்ட வேண்டாம்மா. அந்த நல்ல கிருமிங்க எல்லாம் இவர் வெளிக்குப் போறதுலயே இருக்கு. காலையிலேர்ந்து அடக்கி வெச்சிருக்கார் பாவம், போயிட்டு வரட்டும்!”