சாட்சிக்கு வந்த கொடி

அயர்லாந்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யாத தகப்பன், பிள்ளைக்குத் தானாகக் காப்பாளன் ஆகிவிட முடியாது. டப்ளினில் வாடகை மண்டபம் பிடித்து, ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தை ஓடவிட்டு மஞ்சரிக்குத் தாலி கட்டிய சேந்தனுக்கு அது நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. மஞ்சரி மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“கல்யாணமே ஆகலையாம். அப்ப இது என்னங்க?” என்று பையிலிருந்து தாலிக்கொடியை எடுத்து மேசைமேல் போட்டான். அறுந்த இடத்துக் கண்ணியில் நீளமாக இரண்டு முடிகள் சிக்கியிருந்தன.

நீதிபதி அதைப் பேனா முனையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த தமிழ்ப் பெண் சேந்தனிடம் திரும்பினாள். “இதை யார் போட்டிருப்பாங்கன்னு கேக்கறாங்க.”

“பொண்டாட்டி. புருஷன் இருக்கற வரைக்கும் கழட்டவே மாட்டாங்க. அதான் சாட்சி.”

“அப்ப உங்க கைக்கு எப்படி வந்துச்சாம்?”

“அறுந்துபோச்சு.”

எதிரே உட்கார்ந்திருந்த மஞ்சரி கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். ஒரு காதின் கீழே தொடங்கிய தழும்பு கண்ணி கண்ணியாகத் தொண்டையைச் சுற்றி மறு காது வரை போயிருந்தது.

மொழிபெயர்ப்பவள் அதைப் பார்த்தாள். அவன் சொன்னதை அவள் இன்னும் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கவில்லை.

“அறுந்துச்சா, அறுத்தீங்களா? நான் ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்ல முடியும்.”

சேந்தன் மேசையில் கிடந்த கொடியை எடுக்கக் கையை நீட்டினான். மஞ்சரியின் இரண்டு கைகளும் தாமாகவே கழுத்துக்குப் போயின.