பவுனுக்குத் தலைப்பிரசவம்

ஜெய்னுலாபுதீன் பாய் இன்றைக்கும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பதைப் பார்த்ததும் பலராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வித்துட்டுப் போன மனுஷன் நாலஞ்சு நாளா வந்து வந்து எட்டிப் பாத்தா என்னா அர்த்தம்? குட்டியில பங்கு கேக்கத்தான் அடி போடறாரு."

"மெதுவாப் பேசுங்க, அவரு காதுல விழப்போவுது" என்றாள் மனைவி அமிர்தவல்லி.

"விழட்டும். விழணும்னுதானே பேசறேன்!"

பலராமன் முதலியார்பேட்டையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையும் சாரட்டும் விடுகிறவர். பவுனு என்கிற அந்த வெள்ளைக் குதிரையை பாயிடமிருந்துதான் வாங்கினார். இங்கே வந்த பிறகு அது சினையானது. முதல் சினை. அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொட்டகையில் புது ஃபேன் மாட்டினார். கொசு கடிக்கக் கூடாது என்று வலை கட்டினார். தேடி வந்த முகூர்த்த ஊர்வலங்களைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டு, நாற்காலியைப் போட்டுக்கொண்டு பவுனுவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி, "தலையீத்தா அண்ணே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தலைப்பிரசவம்னு சொல்லுய்யா! அவ என்னா எருமையா?"

அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அமிர்தவல்லியின் முகம் மாறும். பலராமனுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

மகள் பூர்ணிமாவும் நிறைமாதம். மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு, இதே ஊரில் சாரம் பக்கம் குடிபோனவள். ஆட்டோவில் ஏறினால் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவர் மகள் முகத்தில் விழிக்கவே இல்லை.

"ஏங்க, ஒரு எட்டு சாரத்துக்குப் போயிட்டு வந்துடறேனே? தலைச்சன் புள்ள. இங்க கூட்டியாரலன்னாலும், நாளு நெருங்கறப்ப பக்கத்துலயாச்சும் இருந்துட்டு..."

"போறதுன்னா துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போ. திரும்பி வர வேணாம்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று இவருக்கு ஒரு நிம்மதி.

பலராமன் எழுந்து கேட்டுக்குப் போனார்.

"என்னா பாய், இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. பவுனு எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டுப் போவலாம்னு வந்தீங்களோ?"

பாய் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கே சொல்ல வந்தேன்..."

"குட்டி விஷயம்தானே? பேசவே பேசாதீங்க. வாங்கறப்ப அவ வயித்துல ஒண்ணும் இல்ல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!"

பாய் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். "விட்டா ஒட்டிக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே பலராமன் கொட்டகைக்குத் திரும்பினார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பவுனு படுப்பதும் எழுவதுமாகத் தவித்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போனது. அவர் வருவதற்குள் பனிக்குடம் உடைந்து, குட்டியின் முன்னங்கால்கள் தெரிந்தன.

பவுனு மிரண்டுபோய்க் கனைத்தது. பலராமன் வைக்கோலில் மண்டியிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார்.

"பயப்படாதடி கண்ணு. அப்பா இங்கதான் இருக்கேன்."

நல்லபடியாகப் பிறந்தது. பெண் குட்டி. நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு, விழுந்து, எழுந்து, தள்ளாடித் தள்ளாடி நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தாயும் சேயும் சௌக்கியம் என்றார்.

கேட்டுக்கு வெளியே மறுபடி பாய்! வராதே என்று சொல்லியும் வந்திருக்கிறார். ஆனால் இன்றைக்குப் பலராமனுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் அவர் மனசு தாராளமாகிவிட்டிருந்தது.

"உள்ள வாங்க பாய்! பொண்ணு பொறந்திருக்கு!"

பாய் வந்தார். குட்டியை ஒரு பார்வை பார்த்தார். பவுனுவின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம் அவளைத் தனியா விடலையே நானு! மொதப் பிரசவம் பாய். பக்கத்துல சொந்த மனுஷங்க இல்லன்னா பயந்துடாதா?"

பாயின் கண் கலங்கியது.

"நெசந்தாண்ணே. பயந்துதான் போயிடுச்சு." அவர் பவுனுவிடமிருந்து கையை எடுத்தார். "உங்க பூர்ணிமா பாப்பா எங்க தெருவுலதான் குடியிருக்கு. வலி எடுத்தப்ப, பாவம், அந்தப் பையன் ஒண்டியாத் தவிச்சுது. எங்க வீட்டுல ரோஷன் பீவிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. 'பொண்ணுக்கு அம்மா யாரு, உள்ள வாங்க'ன்னு நர்ஸம்மா கூப்பிட்டாங்களாம். யாரும் இல்லாததால அவதான் எழுந்து போயிருக்கா. இன்னும் பாப்பா கூடத்தான் இருக்கா."

"அய்யோ, எம் பொண்ணே!" என்று அமிர்தவல்லி வாய்விட்டு அழுதாள். அப்படியே கேட்டைத் தாண்டி ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள். இந்தத் தடவை அவரிடம் கேட்கவில்லை.

பலராமனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இந்த வாயால்தானே அவளைப் போகாதே என்றோம்? கையைக்கூடக் கழுவாமல் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கெளம்பினா... பொறக்கறதுக்குள்ள போயிடலாமா பாய்?"

பாய் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பவுனுவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் மொத நாளு கேட்டாண்ட வந்து நின்னதே, உங்களுக்குப் பேத்தி பொறந்திருக்குன்னு சொல்லத்தாண்ணே."