பன்னிரண்டில் ஒன்று

ஏரிக்கரை பங்களாப் பக்கம் பூங்காவுக்குள் இன்னொரு பூங்கா கட்டிக்கொண்டிருந்த மாநகராட்சிக்கு, இந்தத் தெருவுக்கு வழி தெரிந்ததே பெரிய விஷயம். ஏணி வைத்த வண்டி வந்து நின்றதும் தையல்கார அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருஷமாக மனு எழுதி எழுதி விரல் தேய்ந்தவள் அவள்தான்.

லைன்மேன் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். "'தெருவில் பன்னிரண்டு விளக்குகள். எரிவது தையல்கடை வாசலில் உள்ள ஒன்று மட்டுமே.' நீங்க எழுதினதாம்மா?"

"நான்தான் சார்."

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல எல்லாரும் பாராட்டினாங்க."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஏணி ஆடுகிறதே என்று அதையும் தானே பிடித்துக்கொண்டாள்.

"சார், இது எரியற விளக்கு. கெட்டுப்போனதெல்லாம் அந்தப் பக்கம்."

"தெரியும்மா. ஏணியைக் கெட்டியாப் பிடிங்க."

மேலே போனவர் விளக்கைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

"பங்களாத் தெருவுல அறுபது விளக்குல ஒண்ணு பியூஸ் போயிடுச்சு. வரிசையில பல்லு விழுந்த மாதிரி இருக்குன்னு நேத்து போன் பண்ணாங்க. ஸ்டோர்ல புதுசு இல்ல. நல்ல விளக்கு எங்க இருக்குன்னு தேடினப்ப, உங்க மனுதான் கைகொடுத்துச்சு."

லைன்மேன் மனுவைப் பேனாவோடு நீட்டினார்.

"கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. 'மனு மீது உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது.'"