முதல் ஆளாக ஏறியவர்

அன்று அந்த ஆற்றங்கரை நகரத்தில் சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி ஊர் சுற்றியவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் மனைவி, மகனுக்குப் பெண் கொடுத்த பாத்திரக்கடைச் சம்பந்தி.

சம்பந்தி கண்ணில் பட்டவரிடமெல்லாம் வழி கேட்டார். பூக்காரி, தபால்காரர், பாலத்தில் தூண்டில் போட்டவர், ஒருவர் பாக்கியில்லை. நீதிபதிக்கு மானம் போனது.

"ஏன் இப்படிப் பிச்சை கேக்குற மாதிரி வழி கேக்குறீங்க? ஆத்தைப் பிடிச்சு நடந்தா கப்பல் வராம எங்க போகும்?"

"நாலு மணிக்குக் கிளம்பிடுமே சம்பந்தி. கேட்டா குறைஞ்சா போயிடுவோம்?"

"எங்க வம்சத்துல யாரும் வழி கேட்டு நடந்ததில்ல. நீங்க கேட்டுக்கிட்டே வாங்க."

மனைவியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நாலுக்கு முன்பே வெள்ளைக் கப்பல் தெரிந்தது. நுழைவு அட்டை கேட்ட பணியாளை ஒரு முறை முறைத்தார், அவன் ஒதுங்கிக்கொண்டான். அறைக் கதவு திறக்கவில்லை.

"ஒரு பூட்டைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல இவனுங்களுக்கு!" என்று மேல்தளத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

கப்பல் நகர்ந்தபோது கரையில் சம்பந்தி கையை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க. பாவம்!"

"ஓடட்டும். இனிமே வாயை மூடிக்கிட்டு நடப்பாரு." நீதிபதி கைக்குட்டையை ஆட்டி அவரை வழியனுப்பினார்.

சம்பந்தி தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த துறையில் நின்ற வெள்ளைக் கப்பலை நோக்கித் திரும்பி நடந்தார்.

நீதிபதி கப்பலைத் தவறவிட்டார் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது சுத்தப் பொய். அவர் நேரத்துக்கு முன்பே ஏறி, கம்பீரமாக நின்றபடிதான் போனார். ஏறிய கப்பல்தான் அவருடையதில்லை.